பால்வெளியை உலுக்கியது எது?

களத்தில் பிணையல் மாடுகள் சுற்றுவதைப் பார்த்தவர்கள் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். மாடுகள் வட்டமாகத்தான் நடக்கும். ஆனால் போன சுற்றில் பதிந்த தடத்திலேயே மறுபடி கால் வைப்பதில்லை. கொஞ்சம் உள்ளே வரும், கொஞ்சம் வெளியே ஒதுங்கும்.

பால்வெளியின் தட்டில் சுற்றும் விண்மீன்களும் அப்படித்தான். மையத்தை ஒரு முறை சுற்றிவரச் சூரியனுக்கு ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதுவும் உள்ளும் வெளியும், மேலும் கீழுமாக அசைந்தபடியே போகிறது. இளம் விண்மீன்களிடம் இந்த அசைவு குறைவு, வயதானவற்றிடம் அதிகம். காலப்போக்கில் அவற்றைத் தடம் விலக்கியது எது?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1942இல் விண்மீன் இயக்கவியல் பற்றித் தன் நூலை வெளியிட்டார். அருகே கடந்து போகும் விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்து விடுகின்றன. அந்தச் சிறு இழுப்புகள் சேர்ந்து ஒரு விண்மீனின் பாதையை மாற்ற எவ்வளவு காலம் ஆகும்? சூரியனின் சுற்றுப்புறத்தில் அதற்குப் பிரபஞ்சத்தின் வயதே போதாது என்பதைக் கணக்கு காட்டியது.

அப்படியானால் உலுக்கியது வேறு ஏதோ ஒன்று.

1951இல் லைமன் ஸ்பிட்சரும் மார்ட்டின் ஸ்வார்ஸ்சைல்டும் விடை ஒன்றைச் சொன்னார்கள்: சூரியனைப் போல் பல லட்சம் மடங்கு எடையுள்ள வாயு மேகங்கள். அத்தகைய ராட்சத மேகங்கள் 1970களில் கண்டறியப்பட்டன. ஆனால் மேகங்களால் மட்டும் எல்லா அசைவையும் விளக்க முடியவில்லை. தட்டின் சுருள் கைகளும் விண்மீன்களைத் தள்ளுகின்றன.

2018இல் வெளியிலிருந்து வந்த ஓர் அடியின் தழும்பு தெரிந்தது. கையா விண்கலம் அளந்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை தெரேசா அந்தோஹாவின் குழு ஆராய்ந்தது. தட்டுக்கு மேலும் கீழும் அவை இருக்கும் உயரத்தையும் வேகத்தையும் வரைந்தபோது நத்தை ஓடுபோல் ஒரு சுருள் எழுந்தது. தட்டு ஒருமுறை உலுக்கப்பட்டால் எல்லா விண்மீன்களும் ஒன்றாக ஆடத் தொடங்கும். உயரமாக ஆடுபவை மெதுவாகத் திரும்பும் என்பதால் வரிசை கலைந்து சுருளாகும். சுருளின் இறுக்கத்தை வைத்து, 30 முதல் 90 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த உலுக்கல் நடந்திருக்கலாம் என்று கணித்தார்கள்.

சந்தேகம் முதலில் விழுந்தது, 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறு விண்மீன் மண்டலத்தின் மீது. கூட்டத்தை ஊடுருவும் கனமான பொருளின் பின்னால் விண்மீன்கள் குவிந்து அதைப் பின்னுக்கு இழுக்கும் என்று 1943இல் சந்திரசேகர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அந்த உராய்வுதான் இத்தகைய சிறு மண்டலங்களின் வேகத்தைக் குறைத்துப் பால்வெளியை நோக்கி இறங்கவைக்கிறது.

ஆனி மாத நள்ளிரவில் விளாத்திகுளத்து வானில் தெற்கே தனுசு நிற்கும். அதே திசையில், பால்வெளி மையத்துக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாமல் அந்தக் குறு மண்டலம் இன்றும் சிதைந்துகொண்டிருக்கிறது.

(தொடரும்)