கனத்தை வேலியில் கட்டிய வெள்ளைச் சீலை



தெஹியோவிட்டவிலிருந்து கொழும்புக்கு கிளினிக் போய்வரும் நம்மில் பலர் பொரளை கனத்தையை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்போம். 2020இல் அந்த வேலியில் ஏன் வெள்ளைச் சீலை கட்டினார்கள் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்காகவே இந்தப் பதிவு.

1866இல் கனத்தை திறக்கப்பட்டபோது பொரளை நகரத்தின் ஓரம். அதற்கு முன் காலிமுகத்திடல் பக்கம் 1803இல் தொடங்கிய மயானம் இருந்தது. அங்கிருந்த நினைவுக் கற்களில் பல பிறகு கனத்தைக்கு வந்தன. மாநகர சபையின் பொது மயானம் என்பதால் பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கேதான். கொழும்பில் நம்மவர்களின் ஜனாஸாக்கள் பெரும்பாலும் மாளிகாவத்தை, குப்பியாவத்தை, ஜாவத்தை மையவாடிகளுக்கே போகும்.

எல்லா இனத்தவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் அந்த மண்ணிலிருந்துதான் 1983 கலவரமும் கிளம்பியது. ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை மறுநாள் கனத்தையில் அடக்கம் செய்வதாக இருந்தது. கூட்டம் சேர்ந்தது, உடல்கள் வரத் தாமதித்தன. அன்றிரவே பொரளையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மலையகம் வரை அந்தத் தீ பரவியதை நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும்தான். டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தை பெற்றோரின் சம்மதமில்லாமல் கனத்தையில் எரிக்கப்பட்டது. கபன் சீலைகூட கிடைக்காத பிள்ளை. அதன் பிறகுதான் மக்கள் வந்து வேலியில் வெள்ளைச் சீலை கட்டினார்கள். நம்மவர்கள் மட்டுமில்லை, சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவர்களும் கட்டினார்கள். அவிழ்த்துப் போட்டார்கள், மறுபடி கட்டினார்கள்.

2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

ஓட்டமாவடியில் அடக்கியவர்களுக்கு சலாம் சொல்ல, நம் பக்கத்துக் குடும்பங்கள் கிழக்கு மாகாணம் வரை போக வேண்டும். எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் போவதற்கு ஒரு கபுறும் இல்லை.