முட்டை மேல விழுந்த பழி

போன வாரம் எம். புதுப்பட்டிக்குப் போயிருந்தப்ப, பெரியம்மா மக ஒரு கேள்வி கேட்டாங்க. “தம்பி, பாப்பாவுக்கு முட்டை குடுத்தா உடம்பெல்லாம் தடிச்சுருது. ஒன்பது மாசத்துல தட்டம்மை ஊசி போடச் சொல்றாங்க. அதுல முட்டை இருக்காமே?”

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. ஜான் எண்டர்ஸ் குழு தட்டம்மை வைரஸைக் கோழிக்கருவின் செல்களில் வளர்த்துத்தான் பலவீனப்படுத்தியது. 1963-ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. கோழிக்கரு என்றதும், முட்டை சேராத பிள்ளைகளுக்கு இது ஆபத்து என்று பல டாக்டர்கள் பல வருடம் தயங்கினார்கள்.

1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்தார்கள். முட்டை அலர்ஜி உள்ள 54 குழந்தைகளுக்கு எம்.எம்.ஆர். ஊசி போட்டார்கள். ஒருவருக்குக்கூட கடும் எதிர்வினை வரவில்லை.

அப்போ அபூர்வமாக வந்த அலர்ஜிக்கு எது காரணம்? கோடிங் பண்றவங்களுக்குத் தெரியும், முதல்ல சந்தேகப்படுற வரியில பெரும்பாலும் பக் இருக்காது. 1990-களில் ஜப்பானில் மாட்டிக்கொண்டது ஜெலட்டின். தடுப்பூசி கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. அதை நீக்கியதும் பாதிப்பு குறைந்தது. இலங்கையில் வேறொரு விடை. ஊசிக்குப் பின் அலர்ஜி வந்த குழந்தைகள் பலருக்கு மாட்டுப் புரதமான போவைன் சீரம் ஆல்புமினுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்ததாக, 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது. வைரஸ் வளர்க்கும் ஊடகத்திலிருந்து ஊசியில் தங்கும் துளி அது. மாட்டிறைச்சியிலும் பாலிலும் இருக்கும்.

அதே 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எம்.ஆர். ஊசி முகாம் நடந்தப்ப, வாட்ஸ்அப் வதந்தி பறந்தது ஞாபகம் இருக்கும். சீரம் இன்ஸ்டிடியூட்டின் எம்.ஆர். ஊசிக்கான வைரஸ் வளர்வது மனித செல்களில், கோழிச் செல்லில் இல்லை!

அக்காகிட்ட நான் சொன்னது இதுதான். முட்டையோ பாலோ, எது சேரலைன்னாலும் நர்ஸம்மாகிட்ட மறைக்காம சொல்லுங்க. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்க. கடும் அலர்ஜி வந்தா அட்ரினலின்தான் முதல் மருந்து. முன்னாடி எப்பவாவது மூச்சுத் திணறல், மயக்கம் வந்த பிள்ளைன்னா, பெரியாஸ்பத்திரியில டாக்டர் முன்னாடி போட்டுக்கலாமான்னு கேளுங்க. நீங்களா தள்ளிப்போட்டுறாதீங்க. தட்டம்மை நமக்காகக் காத்திருக்காது.