கம்ப்யூட்டர் பத்திரிகைகள் போன பிறகு

நான் வழக்கமாகப் போகும் பத்திரிகைக் கடையில் ஜோதிடத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. சமையலுக்கு ஒரு வரிசை. போட்டித் தேர்வுகளுக்கு இரண்டு வரிசை. கம்ப்யூட்டருக்கு மட்டும் இப்போது இடமில்லை. இருபது வருடங்களுக்கு முன் அதே கடையில் சி.டி. ஒட்டிய பளபளப்பான இதழ்கள் கண்ணுக்கு நேராகத் தொங்கிக் கொண்டிருந்தன. அவை எப்படி வந்தன, ஏன் போயின, அவற்றின் இடத்தில் இப்போது எதை வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் என் சங்கதி கொஞ்சம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அலுவலகத்துக்குப் போன பிறகுதான் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டினேன். அதனால் கம்ப்யூட்டரைப் பற்றி நான் முதலில் படித்ததும் பிரெஞ்சில்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று துலோன் பக்கம் குடியிருந்த என் பெரியப்பா மகன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வீட்டுப் பெண்களுக்கு சென்ட் பாட்டில், பிள்ளைகளுக்கு சாக்லேட், எனக்குப் பழைய பத்திரிகைகள். "எடை கூடுதுடா தம்பி" என்று அலுத்துக்கொண்டே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அப்படி வந்ததுதான் 'சியான்ஸ் எ வி மிக்ரோ'.

பிரெஞ்சில் கம்ப்யூட்டரை 'ஒர்தினாத்தர்' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் இன்ஜினியர் அல்ல. ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர். 1955-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் புது இயந்திரத்துக்கு நல்ல பெயர் வேண்டும் என்று கேட்க, அவர் எழுதிக் கொடுத்தது அது. உலகை ஒழுங்குபடுத்துகிறவர் என்று கடவுளைக் குறிக்க முன்பு வழங்கிய சொல். 1962-ல் பிலிப் திரைஃபுஸ் என்பவர் 'ஆன்ஃபோர்மாத்திக்' என்ற சொல்லைச் சேர்த்தார். 1973-ல் பிரான்சுவா ஜெர்னெல் வடிவமைக்க, அந்த்ரே த்ருவோங்கின் கம்பெனி 'மிக்ரால் என்' என்ற சிறு கம்ப்யூட்டரை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. சொல்லும் இருந்தது, பொருளும் இருந்தது. சாதாரண மனிதனுக்கு அதை விளக்கிச் சொல்ல ஆள்தான் இல்லை. அந்த வேலைக்குத்தான் பத்திரிகைகள் வந்தன.

அமெரிக்காவில் இது 1975-ல் தொடங்கியது. அந்த ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 படம் வந்தது. பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர். அந்த இதழைப் பார்த்துவிட்டுத்தான் பால் ஆலனும் பில் கேட்ஸும் அந்த இயந்திரத்துக்கு பேசிக் மொழி எழுதக் கிளம்பினார்கள். அதே வருடம் செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்ற சின்ன ஊரில் இருந்து 'பைட்' வந்தது. 1976-ல் 'டாக்டர் டாப்ஸ்' வந்தது. பிரான்சில் 1978-ல் 'லோர்தினாத்தர் ஆந்திவிதுவெல்' வந்தது. 1913-லிருந்து அறிவியலை எளிமையாகச் சொல்லிவந்த 'சியான்ஸ் எ வி' குடும்பத்தில் இருந்து 1983 டிசம்பரில் 'சியான்ஸ் எ வி மிக்ரோ' பிறந்தது.

அதே 1983-ல் 'எப்தோஜிசியெல்' என்ற வாரப் பத்திரிகையும் வந்தது. வாரப் பத்திரிகைக்கான சொல்லையும் மென்பொருளுக்கான சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர். பக்கம் பக்கமாக வாசகர்கள் எழுதி அனுப்பிய நிரல்களை அச்சிட்டார்கள். வாங்கியவர் ராத்திரி உட்கார்ந்து அதை வரி வரியாகத் தன் மெஷினில் அடித்தால் காலையில் ஒரு விளையாட்டோ கணக்கு நிரலோ தயார். ஒரு காற்புள்ளி தவறினால் எதுவும் ஓடாது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடும்போதே பாதி நிரல் புரிந்துவிடும். அமெரிக்காவில் 'கம்ப்யூட்ஸ் கெஜட்' 1984 ஜனவரி இதழில் 'ஸ்பீட்ஸ்கிரிப்ட்' என்ற முழு எழுத்துச் செயலியையே இப்படி அச்சிட்டுக் கொடுத்தார்கள். தட்டச்சு தெரிந்த குமாஸ்தாவான எனக்கு இதைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கும். விரல் தயார், மெஷின்தான் இல்லை.

மெஷின் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் செக்ஷனுக்கு வந்தது. கண்ணாடி அறை, ஏ.சி., செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். சம்பளப் பட்டியல் அதில்தான் போட்டோம். ஒரு மாதம் பட்டியலில் தேதி 1-1-1980 என்று அச்சாகி வந்தது. கருவூலத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பராமரிப்புக்கு ஒப்பந்தம் போட்டிருந்த கம்பெனியில் இருந்து ஒரு பையன் வந்து பார்த்தான். உள்ளே இருக்கும் பெரிய பலகையே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பல ஆயிரத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தான். சூப்பிரண்டென்ட் கோப்பை ஏறக்குறைய மேலே அனுப்பிவிட்டார். எனக்கு எப்போதோ படித்த ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவதற்கு உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் டாஸ் தன் நாட்காட்டியின் முதல் நாளான 1980 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். "சார், முதல்ல பேட்டரிய மாத்தச் சொல்லிப் பாப்போமே" என்றேன். மாற்றினார்கள். சரியாகிவிட்டது. கொட்டேஷன் கோப்பிலேயே தூங்கியது.

இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை நான் தேடிப் படிக்கவில்லை. பேட்டரி என்று ஒன்று உள்ளே இருப்பதே தெரியாதவன் அதை எப்படித் தேடுவான்? வேறு எதையோ படிக்கப் புரட்டியபோது கண்ணில் பட்டது. யாரோ ஒரு ஆசிரியர், துலோனில் இருக்கும் வாசகருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து அச்சிட்டார். அது கப்பலேறாமல் பெட்டியேறிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டிலும் அப்போது நல்ல காலம்தான். 1982-ல் 'டேட்டாகுவெஸ்ட்', 1987-ல் 'பிசி குவெஸ்ட்'. 1996-ல் 'பிசி குவெஸ்ட்' லினக்ஸை சி.டி.யில் போட்டு இதழோடு கொடுக்க ஆரம்பித்தது. முந்தைய வருடம் ஆகஸ்ட் 15-ல்தான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியிருந்தது. டெலிபோன் வழியாக ஒரு முழு லினக்ஸை இறக்கிக்கொள்வது நடக்கிற காரியமா? இந்தியாவில் எத்தனையோ பிள்ளைகளுக்கு லினக்ஸ் கிடைத்தது கடையில் தொங்கிய பத்திரிகை வழியாகத்தான். தமிழில் 'தமிழ் கம்ப்யூட்டர்' வந்தது. தினமலர் திங்கட்கிழமைகளில் 'கம்ப்யூட்டர் மலர்' கொடுத்தது. ஆங்கிலம் அதிகம் தெரியாத டைப்பிஸ்டுகள், ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் இவற்றை வெட்டி ஃபைல் போட்டு வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஏன் போயின? இன்டர்நெட் வந்தது, பத்திரிகை போனது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு வரவு எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தோன்றும். இந்தப் பத்திரிகைகளைத் தாங்கியது நாம் கொடுத்த விலையைவிட விளம்பரம்தான். அமெரிக்காவின் 'கம்ப்யூட்டர் ஷாப்பர்' ஒரு காலத்தில் 800 பக்கங்களுக்கு மேல் போனது. பெரும்பகுதி கம்ப்யூட்டர் விற்பவர்களின் விலைப்பட்டியல். மக்கள் அதைப் படிக்கவே காசு கொடுத்து வாங்கினார்கள். ஆனால் எழுதி, அச்சிட்டு, கடைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும் ஒரு இதழில் விலைப்பட்டியல் எத்தனை நாள் செல்லும்? விற்பவன் தன் வலைத்தளத்தில் அன்றன்றைய விலையைப் போட்டதும் பட்டியல் போனது. பட்டியல் போனதும் விளம்பரப் பணம் போனது. அகண்ட அலைவரிசை வந்ததும் சி.டி.க்கு வேலை இல்லை. கடைசியில் கம்ப்யூட்டரே மிக்ஸி, கிரைண்டர் மாதிரி ஆகிவிட்டது. மிக்ஸிக்கு யாராவது மாதப் பத்திரிகை வாங்குவார்களா?

'பைட்' 1998 மே மாதம் கை மாறியது. ஜூலை இதழோடு அச்சு நின்றது. 'பிசி மேகசின்' 2009 ஜனவரி இதழோடு அச்சை விட்டது. 'கம்ப்யூட்டர் ஷாப்பர்' அதே வருடம் ஏப்ரலில். 1994-ல் தொடங்கிய 'லினக்ஸ் ஜர்னல்' 2011-ல் அச்சை விட்டு மின்னிதழானது. 2019-ல் அதுவும் நின்றது. அடுத்த வருடம் வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டு வலைத்தளமாக மட்டும் வைத்திருக்கிறது. 'பிசி வேர்ல்ட்' 2013-ல், 1967-லிருந்து வந்த 'கம்ப்யூட்டர்வேர்ல்ட்' 2014-ல். அமெரிக்காவில் கடைசி வரை தாக்குப்பிடித்த 'மேக்சிமம் பிசி'யும் 'மேக் லைஃப்'பும் 2023 ஏப்ரல் இதழோடு அச்சில் வருவது நின்றது.

ஒரு செக்ஷனைக் கலைத்தால் அங்கே நடந்த வேலைகளை எந்த செக்ஷனுக்கு மாற்றினோம் என்று ஓர் உத்தரவு வரும். கம்ப்யூட்டர் பத்திரிகை கலைந்தபோது அப்படி ஓர் உத்தரவு வரவில்லை. நானே ஒன்று தயாரித்துப் பார்த்தேன்.

செய்தி, விலை, மென்பொருள் ஆகிய மூன்றும் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டன. அங்கே அவை இன்னும் நன்றாகவே நடக்கின்றன. இதற்காக அழ வேண்டியதில்லை.

நான்காவது, பொருளைச் சோதித்துப் பார்த்துச் சொல்வது. இப்போது வீடியோவில் நிறையப் பேர் சொல்கிறார்கள். பெட்டியை அவர்களுக்கு அனுப்பியது யார் என்று பாருங்கள். பிரான்சில் 1951-ல் தொடங்கிய நுகர்வோர் சங்கம் ஒன்று 1961-லிருந்து 'கெ ஷுவாசிர்' என்ற இதழை நடத்துகிறது. விளம்பரமே வாங்குவதில்லை. லேப்டாப்பையும் வாஷிங் மெஷினையும் ஒரே கண்ணோடு சோதிக்கிறார்கள். விளம்பரத்தை நம்பிய கம்ப்யூட்டர் பத்திரிகைகள் சாய்ந்த பிறகும் அது நிற்கிறது.

ஐந்தாவது, வரிசையாகப் பாடம் சொல்வது. இதற்கு மாற்று இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு, 2003-ல் 'லினக்ஸ் ஃபார் யூ' என்று தொடங்கிய இதழ் 'ஓப்பன் சோர்ஸ் ஃபார் யூ' என்ற பெயரில் வருகிறது. தமிழில் 2012-லிருந்து 'கணியம்' இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தன்னார்வலர்கள் எழுதுவது, இலவசம், யாரும் எடுத்துப் பகிரலாம். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டருக்காக 2012-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'மேக்பை' இதழின் பழைய பிரதிகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவர்கள் 2015 இறுதியில் ஓர் இதழின் அட்டையில் ஒரு கம்ப்யூட்டரையே ஒட்டிக் கொடுத்தார்கள்! ஃபிளாப்பி, சி.டி. என்று ஒட்டிவந்த வழக்கம் கடைசியில் மெஷினிலேயே வந்து முடிந்தது. பழைய 'பைட்' இதழ்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன.

ஆறாவது, கேட்காததைக் கொண்டுவந்து காட்டுவது. இங்கேதான் பள்ளம் விழுந்திருக்கிறது. தேடு பொறியும், இப்போது வந்திருக்கும் செயற்கை அறிவும், கேட்டதற்குப் பதில் சொல்லும். எதைக் கேட்பது என்று தெரியாதவன் என்ன செய்வான்? ஃபோனில் தானாக வந்து விழுவதோ நாம் நேற்றுப் பார்த்ததன் அண்ணன் தம்பிதான். என் வயதுக்காரர்கள் பென்ஷனை ஃபோன் மோசடியில் பறிகொடுப்பதைப் பார்க்கிறேன். "ஓ.டி.பி.ன்னா என்னன்னு யாரும் சொல்லலியேப்பா" என்கிறார்கள். அவர்கள் தேடவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது. ஒரு மாத இதழ் இருந்திருந்தால், ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் போகும் வழியில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டிருக்கும்.

இதற்கு மனிதர்கள்தான் மாற்று என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வளர்கிறார்கள். எங்களுக்கு அந்த வேகம் இல்லை. அதனால் ஓய்வு பெற்ற நாங்கள் மூன்று பேர் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பாரதி பூங்காவில் உட்காருகிறோம். ஆளுக்கு ஒரு விஷயம் கொண்டுவர வேண்டும். மற்ற இருவரும் கேட்டிராததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. போன மாதம் ஒருவர், யு.பி.ஐ.யில் நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் போடவே தேவையில்லை, போடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம் என்று சொன்னார். எங்களில் ஒருவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பைட்டைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. தமிழில் வந்த கம்ப்யூட்டர் இதழ்களை நாம்தான் காப்பாற்ற வேண்டும். உங்கள் பரணில் பழைய பிரதிகள் கட்டாக இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பழைய பேப்பர்காரர் அடுத்த வாரமும் வருவார்.