விதைக்காத கோதுமையில் எழும்பிய கோயில்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தப்போ, அரிசோனாவுல டூசான் நகரத்துக்குத் தெற்கே இருக்கிற சான் சேவியர் டெல் பாக் என்ற பழைய மிஷன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாலைவனத்துக்கு நடுவுல வெள்ளை வெளேர்னு நிற்குது. சவேரியார் பேரில் உள்ள கோயில். 1542-ல் கடல் கடந்து நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார்தான்.

வெளி வெயிலில் இருந்து உள்ளே நுழைஞ்சா கண்ணு பழக கொஞ்ச நேரம் ஆகுது. அப்புறம் பார்த்தா சுவரெல்லாம் ஓவியம். ஒரு பக்கம் இயேசுவின் கடைசி இராவுணவு, இன்னொரு பக்கம் சீடர்கள்மேல் தூய ஆவி இறங்கும் காட்சி. சுவரோட அடிப்பக்கம் சலவைக்கல்லோன்னு கிட்டப் போய்ப் பார்த்தேன். அதுவும் வண்ணம்தான்! ஒரு கதவுகூட வரைஞ்ச கதவு. சலவைக்கல் வாங்க வசதி இல்லாத ஊர், ஆனா சாமிக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாதுங்கிற ஆசை.

வசதி எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க வரலாற்றைப் பார்க்கணும். அங்கே பூர்வகுடிகளான ஓதாம் மக்கள் சான்டா குரூஸ் ஆற்றங்கரையில் மக்காச்சோளமும் பூசணியும் போட்டு வாழ்ந்தவங்க. 1692-ல் வந்த கீனோ பாதிரியார் மாடுகளையும் கோதுமையையும் கொண்டுவந்தார். மக்காச்சோளம் வராத குளிர்காலத்திலும் நிலம் விளைஞ்சது. 1767-ல் ஸ்பெயின் அரசர் யேசு சபையாரை வெளியேத்தினார், பிரான்சிஸ்கன் சபையார் வந்தாங்க.

1783-ல் வெல்டெர்ரைன் பாதிரியார் இந்தக் கோயிலைத் தொடங்கினார். பணத்துக்கு ஒரு பண்ணைக்காரரிடம் 7,000 பேசோ கடன் வாங்கினார். அதுக்கு ஈடு என்ன தெரியுமா? இன்னும் விதைக்காத கோதுமை!

பயிர்க்கடன் வாங்கினவனுக்குத்தான் இதோட கனம் புரியும். மழை பெய்யுமா, விளையுமான்னு தெரியாம கையெழுத்துப் போடுறது. இங்கே கடன் வாங்கினது பாதிரியார். வெயிலில் நின்னு அதை விளைவிச்சதும், கட்டட வேலைக்குக் கை கொடுத்ததும் ஓதாம் மக்கள். வெல்டெர்ரைன் 1790-லேயே இறந்துட்டார். 1797-ல் கோயில் வேலை நின்னப்போ ஒரு கோபுரம் அரைகுறை. இன்னைக்கும் அப்படியேதான் நிற்குது.

பிற்காலத்தில் பாதிரியார் இல்லாத காலம் வந்தப்போ, பூசைப் பாத்திரங்களை எடுத்துத் தங்கள் வீடுகளில் வைத்துக் காப்பாத்தினதும் அந்த மக்களே.

20-ஆம் நூற்றாண்டில் கோயிலுக்கு நல்லது செய்யுறதா நினைச்சு சிமெண்ட் பூசினாங்க. சிமெண்டுக்கு மூச்சு விடத் தெரியாது. உள்ளே புகுந்த தண்ணி வெளியேற வழியில்லாம சுவர் ஊறி, ஓவியங்கள் கெட ஆரம்பிச்சது. கடைசியில் பழைய முறைக்கே திரும்பினாங்க: சுண்ணாம்பு, மணல், கூடவே சப்பாத்திக்கள்ளிச் சாறு. நம்ம கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்சு சுண்ணாம்பில் கலந்த மாதிரிதான்.

1992 முதல் 1997 வரை வெளிநாட்டு நிபுணர்கள் வந்து ஓவியங்களில் படிஞ்சிருந்த கரியையும் தூசியையும் நீக்கினாங்க. அந்த ஊர் ஓதாம் ஆட்களுக்கும் கூடவே வேலை கத்துக்கொடுத்தாங்க. இப்போ நாம பார்க்கிற அந்தச் சிவப்பும் நீலமும் அவங்க கையாலும் வெளிச்சத்துக்கு வந்ததுதான்.

வெளியே வந்து ஆற்றைத் தேடினேன். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி அது மணலாக் கிடக்கு. கோதுமையை நம்பிக் கட்டின கோயில் நிற்குது. அந்தக் கோதுமைக்குத் தண்ணி கொடுத்த ஆறு இல்லை.