கத்தி பின்வாங்கிய கதை

மலருக்குக் கல்லூரி நினைவுகளை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு ஆபரேஷனின் வரலாற்றை எழுதுகிறேன். ஆண் பூனைக்கு ஒண்ணுக்கு அடைச்சுக்கிற சங்கதி அது.

முதலில் அனாடமி. ஆண் பூனையின் யூரெத்ரா மூத்திரப்பை வாயில் சுமார் 2.4 மி.மீ. அகலம். பல்போயூரெத்ரல் சுரப்பிகளிடம் 1.3, ஆண்குறிக்குள் வெறும் 0.7. புனலின் நுனி மாதிரி! ஒரு துளி மணல், கொஞ்சம் சளி போதும், அடைத்துவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் தடுமாறும், சில நாளில் பூனை போய்விடும். நாய்க்கு இடம் வேறு: ஆண்குறி எலும்பின் பின்முனையில் கல் சிக்கும். அதை நீரழுத்தத்தால் மூத்திரப்பைக்கே திருப்பித் தள்ளி, பையைத் திறந்து எடுக்கலாம். பூனைக்கு அந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை.

1971-இல் அமெரிக்காவில் வில்சன், ஹாரிசன் இருவரும் பெரினியல் யூரெத்ராஸ்டமியை வெளியிட்டார்கள். குறுகலான நுனியை நீக்கிவிட்டு, அகலமான பகுதியைத் தோலோடு தைப்பது. இஸ்கியோகேவர்னோசஸ் தசைகளை அறுத்து, அடிப்பக்க இணைப்பையும் விடுவித்து, சுரப்பிகள் கண்ணில் படும் வரை போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் புதுத் துளை சுருங்கி மறுபடியும் அடைக்கும். மூடிய மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ் அதன் பூட்டு வரை தடையில்லாமல் நுழைகிறதா என்று பார்ப்பது இன்றைக்கும் உள்ள சோதனை.

ஆனால் இந்த ஆபரேஷன் அடைப்பைத்தான் தடுக்கும், நோயைத் தீர்க்காது. இயற்கையான காவல் போய்விடுவதால் பாக்டீரியா தொற்றும் கூடுகிறது. அப்படியானால் காரணம் என்ன?

1981-இல் கார்ல் ஆஸ்பார்ன் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கல் ஆய்வு மையம் தொடங்கினார். அப்போது வந்த பூனைக் கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரூவைட். மெக்னீசியத்தைக் குறைத்து, மூத்திரத்தை அமிலமாக்கும் தீனி கொடுத்தால் அது சில வாரத்தில் கரையும். கத்திக்கு வேலை குறைந்தது. ஆனால் 1990-களில் கால்சியம் ஆக்சலேட் கற்கள் மேலோங்கின; இவை எந்தத் தீனிக்கும் கரையாது. ஒரு கதவை மூடினால் இன்னொன்று திறந்துகொண்டது என்று ஆயிற்று.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் வேறு பக்கம் பார்த்தார். கஷ்டப்படும் பல பூனைகளிடம் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. வீட்டில் பயம், சண்டை, சலிப்பு இவையெல்லாம் மூத்திரப்பையில் எரிச்சலாக வெளிப்படுகின்றன என்றார். 2011-இல் அதற்கு 'பண்டோரா நோய்த்தொகுதி' என்று பெயரும் வைத்தார்.

அதே பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கூப்பர் 2010-இல் வெளியிட்ட சிறு ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. கத்தீட்டர் போட்டு ஆஸ்பத்திரியில் வைக்கக் காசில்லாத வீட்டுப் பூனைகளைக் கருணைக்கொலை செய்வதுதான் வழக்கம். அவர் 15 பூனைகளுக்குக் கத்தீட்டரே போடாமல், வலிநிவாரணியும் மயக்கமூட்டியும் கொடுத்து, ஊசியால் மூத்திரத்தை எடுத்து, அமைதியான இருட்டறையில் விட்டார். 11 பூனைகள் தானாகவே ஒண்ணுக்குப் போய்ப் பிழைத்தன. இரத்தம் மிகவும் கெட்டுப்போன பூனைகளை அவர் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அதற்காக அறுவையை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப அடைக்கும் பூனைக்கும், கத்தீட்டரே நுழையாத பூனைக்கும் 1971-இன் ஆபரேஷன்தான் இன்றும் உயிர். தம்பி தங்கையரே, அந்தச் சுரப்பிகள் எங்கே இருக்கின்றன என்று டிசெக்‌ஷன் மேசையிலேயே விரலால் தொட்டுப் பழகுங்கள். கத்தியை எடுக்குமுன், பூனை என்ன தின்கிறது, வீட்டில் யாருக்குப் பயப்படுகிறது என்றும் கேளுங்கள். காசில்லை என்று தயங்கி நிற்பவரிடம், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று சொல்வதற்கு முன்னால், அந்த 11 பூனைகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.