பாங்கும் பேஷ் இமாமும்: நாம் மறந்த பாரசீகப் பாடம்

நம் பள்ளிவாசலில் ஐவேளையும் ஒலிப்பது பாங்கு. தொழுகையை முன்நின்று நடத்துபவர் பேஷ் இமாம். பெருநாள் தொழுகைக்கென ஒதுக்கப்பட்ட திடல் ஈத்கா. இவையெல்லாம் அரபுச் சொற்கள் என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். 'பாங்கு' என்பது குரல், அழைப்பு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லாகும்; அரபியில் அதனை அதான் என்பர். 'பேஷ்' என்றால் முன். ஈத்கா, தர்கா என்பவற்றின் ஈற்றில் நிற்கும் 'கா' இடத்தைக் குறிக்கும் பாரசீக விகுதி. நாகூர்க் கந்தூரியின் பெயரும் உணவு விரிப்பைக் குறித்த பாரசீகச் சொல்லிலிருந்தே வந்தது. வடநாட்டார் நமாஸ், ரோஜா என்று பாரசீகத்தில் கூறுவதை நாம் தொழுகை, நோன்பு என்று தமிழில் கூறுகிறோம். அழைப்புக்கு மட்டும் பாரசீகச் சொல்லை வைத்துக்கொண்டது வியப்புக்குரியதே.

இச்சொற்கள் நம்மிடம் வந்த வழியை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கிளென்மார்கனின் விளிம்பில் நின்று வடக்கே நோக்கினால், மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கு அப்பால் மைசூர்ப் பீடபூமி விரிந்து கிடப்பதைக் காணலாம். 1761 முதல் 1799 வரை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட அந்நாட்டின் அரசவைக் கடிதங்கள் பாரசீகத்தில் எழுதப்பட்டன. எழுதப் படிக்க அறியாதவரான ஹைதர் அலி தம் மகனுக்குப் பாரசீகம் கற்பிக்கத் தவறவில்லை. திப்பு தாம் கண்ட கனவுகளைத் தம் கையாலேயே அம்மொழியில் எழுதி வைத்தார்; அந்தச் சுவடி இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவரது நூலகத்தின் ஏறத்தாழ 2000 நூல்கள் கம்பெனியாரின் கைக்குச் சென்றன. அவற்றுக்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பார் 1809இல் விரிவான பட்டியல் வெளியிட்டார்.

தமிழகத்தில் இம்மொழியை வளர்த்தவர்கள் ஆற்காட்டு நவாபுகள். 1749 முதல் 1795 வரை நவாபாக விளங்கிய முகம்மது அலி வாலாஜாவின் காலத்தில் சென்னையும் வேலூரும் பாரசீகப் புலமைக்குப் பெயர் பெற்றிருந்தன. 1745இல் வேலூரில் பிறந்த பாகிர் ஆகா அரபி, பாரசீகம், தக்கினி ஆகிய மும்மொழியிலும் நூல்கள் இயற்றியவர். இப்புலமை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் கல்வெட்டுக்குப் பாரசீகத்தில் ஆண்டுக்குறிப்பு யாத்தவர், நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் என்னும் இந்து அறிஞர். அலிஃபுக்கு 1, பேக்கு 2, காஃபுக்கு 20, ரேக்கு 200 என ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 'இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரியது' எனப் பொருள்படும் அவரது தொடரின் எழுத்துகளைக் கூட்டினால் 1209 என்னும் ஹிஜ்ரி ஆண்டு கிடைக்கும். அது 1794-95ஆம் ஆண்டாகும்.

அக்காலத்து மாணவர் இம்மொழியை எவ்வாறு கற்றனர்? முதலில் எழுத்து. அரபியின் 28 எழுத்துகளோடு பே, சே, ழே, காஃப் (கரம் அழுத்தி ஒலிப்பது) என நான்கைச் சேர்த்தால் பாரசீகத்தின் 32. பிறகு 'ஆமத் நாமா' என்னும் சிறு நூல். வினைச்சொற்களின் வாய்ப்பாடு அது. ஆமதம் என்றால் வந்தேன், ஆமதீம் என்றால் வந்தோம், ஆமதந்த் என்றால் வந்தார்கள். இதனை மனனம் செய்தபின் 'கரீமா' என்னும் அறநெறிச் செய்யுள். அதன்பின் ஷீராஸ் நகரத்து ஷெய்கு சஅதி 1258இல் இயற்றிய குலிஸ்தான். தொடர்ந்து அவரது போஸ்தான். பின்னர்க் கடிதம் வரையும் முறையாகிய இன்ஷா. ஹாபிஸ், ஜாமி, ரூமி ஆகியோரின் பாடல்கள் இறுதியில்தான் வரும்.

தமிழர்க்கு இதன் இலக்கணம் அத்துணை அந்நியமன்று. வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். வினையின் ஈற்றிலேயே தன்மை, முன்னிலை, படர்க்கை விளங்கிவிடும். 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் நாம் காட்டும் நுண்ணிய வேற்றுமையைப் பாரசீகம் 'ரா' என்னும் உருபால் காட்டுகிறது. நாம் 'வா' என்றும் 'வந்தான்' என்றும் அடியை மாற்றிக்கொள்வது போல அங்கும் ஒவ்வொரு வினைக்கும் இரண்டு அடிகள் உண்டு. 'தாஷ்தன்' (வைத்திருத்தல்) என்னும் வினையின் நிகழ்கால அடி 'தார்'. தாசில்தார், ஜமீன்தார், சுபேதார் எல்லாம் அதிலிருந்து வந்தவையே. தாலுக்கா அலுவலகத்திற்குச் சென்று வந்த எவரும் பாரசீக இலக்கணத்தில் ஒரு பாடத்தை அறியாமலே படித்தவராவர்! ஆண்பால், பெண்பால் வேறுபாடு அங்கு இல்லை என்பது கற்போர்க்கு மேலும் ஓர் ஆறுதல்.

கடினம் வேறிடத்தில் உள்ளது. நாம் ஓதும் குர்ஆனில் ஸபர், ஸேர், பேஷ் என உயிர்க்குறிகள் இடப்பட்டிருக்கும் (இப்பெயர்களும் பாரசீகமே). பாரசீக ஏட்டில் அவை இரா. செம்மலரைக் குறிக்கும் 'குலே சுர்க்' என்பதில் இரு சொற்களையும் இணைக்கும் 'ஏ' என்னும் ஒலி எழுத்தில் வராது; படிப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். 'ஷேர்' என்றால் சிங்கம், 'ஷீர்' என்றால் பால்; இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. நம் நாட்டு முன்ஷிகள் ஒலியால் வேறுபடுத்தினர். இன்றைய ஈரானில் ஒலியும் ஒன்றாகிவிட்டது. ஆகவே எழுத்தைக் கற்றபின் வாசிக்கலாம் என்னும் கணக்கு இங்கே செல்லாது. இலக்கணம் தெரிந்தவர்க்கே எழுத்து வாய் திறக்கும். அதற்கும் மேலாக, அலுவலர்கள் விரைவாக எழுதிய 'ஷிகஸ்தா' என்னும் உடைந்த கையெழுத்தில் புள்ளிகள் விடுபட்டும் எழுத்துகள் பின்னியும் கிடக்கும். குலிஸ்தானைச் சரளமாகப் படிப்பவரும் அங்கே தடுமாறுவார்.

1801இல் கர்நாடகம் கம்பெனி வசமாயிற்று. நீதிமன்ற, வருவாய் அலுவல்களில் பாரசீகத்தை விலக்குவதற்கு 1837ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. வேலைக்கு உதவாத மொழியை எந்தத் தந்தை தம் மகனுக்குக் கற்பிப்பார்? மத்ரசாக்களில் குலிஸ்தான் சிலகாலம் நிலைத்தது. முன்ஷிகளின் மரபு மெல்ல அற்றுப்போயிற்று. இன்று பழைய பெட்டியிலிருந்து ஒரு தாள் கிடைத்தால், அரபி என்று எண்ணி முத்தமிட்டு, கண்ணில் ஒற்றி, மடித்து வைப்போர் நம்மிடையே உண்டு. அது நிலமானியச் சான்றாக இருக்கலாம். கடன் சீட்டாகவும் இருக்கலாம். வாசிக்க ஆளில்லாத வரையில் இரண்டும் ஒன்றுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927இல் அரபி, பாரசீகம், உருதுத் துறை தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய டாக்டர் முகம்மது ஹுசைன் நயினார், நவாப் வாலாஜாவின் காலத்தில் புர்ஹான் கான் எழுதிய 'துசுக்கே வாலாஜாஹீ' என்னும் வரலாற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் முதற்பகுதி 1934இல் வெளிவந்தது. கர்நாடக நவாபுகளின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அந்நூலைத் தேடிச் செல்கின்றனர். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் பாரசீகச் சுவடிகள் இன்னும் உள்ளன. நம் மத்ரசாவில் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைகளுக்கு அவற்றின் 32 எழுத்துகளில் 28 ஏற்கெனவே தெரியும்.