ஊறுகாய் ஜாடிக்கு எந்த மண்?

பெருமாநல்லூருக்குக் கிழக்கே, நொய்யலாற்றங்கரையில் இருக்கிறது கொடுமணல். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு நடத்திய அகழாய்வில், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் பல கிடைத்தன. ஈராயிரம் ஆண்டு கடந்தும் அழியாத ஓடுகள்தாம்; ஆனால் நீரை உறிஞ்சும். 1000 டிகிரி சென்டிகிரேடுக்கும் குறைந்த சூட்டில் வெந்த மண்ணில் நுண்துளைகள் அடைபடுவதில்லை. தண்ணீர்ப் பானைக்கு அது நல்லதே, ஊறுகாய்க்கு ஆகாது.

ஊறுகாய் ஜாடி வேறு இனம், 'ஸ்டோன்வேர்' என்பர். அதன் மண்ணிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை நிரப்புகிறது. நம் குளத்து வண்டலை அந்தச் சூட்டுக்கு ஏற்றினால், இரும்பு ஆக்ஸைடும் சுண்ணாம்பும் முன்னதாகவே அதை இளக்கிவிடும். பானை குழைந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கி, மாணவர்களுக்கும் இக்கலையைக் கற்பித்தார்கள். அங்கே சூடு சுமார் 1300 டிகிரி. சிறு மின்சூளை வைத்திருப்போர் 1200 டிகிரியோடு நிறுத்துவதே சிக்கனம், கம்பிச்சுருளும் நீடிக்கும். ஆனால் மண் அந்தச் சூட்டுக்கென்றே கலந்ததாக இருக்கவேண்டும். '1200 முதல் 1300 வரை' என்று விற்கும் மண்ணை நான் நம்பமாட்டேன். 1300இல் இறுகும் மண் 1200இல் அரைவேக்காடு!

சூட்டை அறிய, 1886இல் பெர்லினில் ஹெர்மன் செகர் உருவாக்கிய கூம்புகளின் வழிவந்தவையே இன்றும் உதவுகின்றன. அவை வெப்பநிலையோடு, சூடேறிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தலைசாய்கின்றன.

மண்ணைச் சோதிக்கத் தராசு போதும். 1200இல் சுட்ட, மேற்பூச்சு இல்லாத வில்லையை உலர்ந்தபடி நிறுங்கள். 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு, ஆறியபின் துடைத்து மீண்டும் நிறுங்கள். 102 கிராமுக்குள் இருந்தால் வாங்கலாம். 108 என்றால், பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் நாளடைவில் ஜாடியின் அடியில் எண்ணெய் கசியும்.